ஐம்பத்திரண்டு

சனிக்கிழமை காலை ஏழரை.
பட்டனை அழுத்தினேன்.
ஒரு சின்ன விளக்கு, ஒரு பெருமூச்சு.
விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி
போதும் என்று நிறுத்திக்கொண்டது.
கறுத்த திரையில்
மங்கி குல்லாவோடு என் முகம்,
அதற்குப் பின்னால் ஜன்னல் நிறைய
நாகலூர்ப் பனி.

வெளியே நாற்பத்து மூன்று பேர்.
காப்பிப் பழம் பறித்த ஆறு நாள் கூலி
அந்தக் கறுப்புக்குள் கிடக்கிறது.

போனில் இம்தியாஸ், சேலம் நாலு ரோட்டிலிருந்து:
"பேட்டரியக் கழட்டுங்கக்கா. சார்ஜர் வேணாம்.
பட்டன முப்பது எண்ற வரைக்கும்
அமுக்கிப் பிடிங்க.
உள்ள தேங்கி நிக்கிற கரன்ட் போயிரும்."
எண்ணினேன்.
பதினேழில் யாரோ கதவைத் தட்டினார்கள்.
மறுபடி ஒன்றிலிருந்து.
தேங்கி நின்றது எதுவும் போனதாகத் தெரியவில்லை.

"ராம கழட்டி ரப்பர் போட்டுத் தேயுங்க."
மகனின் ஜாமெட்ரி பாக்ஸில் பாதி ரப்பர் இருந்தது.
பொன்னிறப் பற்களைத் தேய்க்கத் தேய்க்க
ரப்பர் கறுத்தது,
திரை வெளுக்கவில்லை.

ஒன்பதரைக்குக் காகிதத்தை எடுத்தேன்.
எத்தனை கிலோ, சொல்லுங்க.
யாரும் விரல் மடக்கவில்லை.
திங்கள் முப்பத்தாறு, செவ்வாய் மழை,
புதன் பாதி நாள், பிள்ளைக்குக் காய்ச்சல்.
கடகடவென்று ஒப்பித்தார்கள்.
வெள்ளச்சி மட்டும்
"வியாழன் அம்பத்திரண்டு" என்றாள்.
பேனா நின்றது.
நாற்பத்தொன்று என்று எனக்கு நினைவு.
மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.
மிஷின் எழும்பட்டும், பார்த்துக்கலாம் என்று
நாற்பத்தொன்றுக்குத்தான் கொடுத்தேன்.
அவள் வாங்கிக்கொண்டு
என்னைப் பார்த்தாள்,
பிறகு அந்த மூடிய பெட்டியைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்.
துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
காது அடைத்துத் திறந்தது.
அடிவாரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
நாலு ரோட்டில் வெயில்
கடை ஷட்டரில் சாய்ந்து நின்றது.

இம்தியாஸ் விரலை வைத்தான்.
எழுந்துவிட்டது.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி
பளிச்சென்று.
"நல்லாத்தானக்கா இருக்கு?"
சத்தியமா எழவில்லை தம்பி,
முப்பது எண்ணினேன், ரப்பர் போட்டேன்...
சொல்லச் சொல்ல எனக்கே
பொய் மாதிரி இருந்தது.
பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் சிரித்தார்.

நல்லவேளை, அவன் சிரிக்கவில்லை.
"அங்க ரொம்பக் குளிரா?" என்றான்.
பக்கத்து பேக்கரியில் ஐஸ் தண்ணி பாட்டில் இரண்டு வாங்கி
ஜமுக்காளம் போட்டு மூடி
அடியில் வைத்தான்.
டீ குடித்து முடித்து அழுத்தினால்
செத்துக் கிடந்தது.
"போர்டுல எங்கயோ சாலிடர் விட்டிருக்கு.
மயிரிழைதான்.
சூட்டுல ஒட்டிக்கும், குளிர்ல விலகிரும்.
சேலத்துலயே இருந்தா இதுக்கு ஒண்ணும் ஆவாது."
சரி பண்ண மூவாயிரத்து ஐநூறு, அதுவும் உறுதி இல்லை.
முதலாளி போனில், சீசன் முடியட்டும் என்றார்.

வெயிலில் காய வைத்தோம்.
எழுந்ததும் அங்கேயே கூலி ஃபைலைத் திறந்தேன்.
வியாழன். வெள்ளச்சி.
ஐம்பத்திரண்டு.
நாற்பத்தொன்று அவளுக்கு மேல் வரியில்,
வேறொருத்தி பெயருக்கு நேரே.
இரண்டையும் அடித்தது
இதே விரல்கள்.

இப்போது வெள்ளி இரவானால்
வாட்ச்மேனின் கோழிக்குஞ்சுப் பெட்டியில்,
அறுபது வாட் பல்புக்குக் கீழே,
பதினோரு குஞ்சுகளோடு அதுவும் தூங்குகிறது.
சனிக்கிழமை காலை
முதல் தொடலிலேயே முழித்துக்கொள்கிறது.

பதினோரு கிலோவுக்கு அறுபத்தாறு ரூபாய்.
தனியாக எடுத்து நீட்டினேன்,
என்ன சொல்வதென்று யோசித்து வைத்ததெல்லாம்
வாய்க்கு வரவில்லை.
வெள்ளச்சி எண்ணினாள்.
இடுப்பில் செருகினாள்.
"வியாழக்கெழமதானே?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
மூடியில் ஒட்டியிருந்த குஞ்சு எச்சத்தை
முந்தானையால் துடைத்துவிட்டு
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.